இத்தற சக்கரத்துக்குக் கூடுதலா என்ன கேக்கும்?

களியக்காவிளையில் மாலை வேளையில் பேருந்துக்கு நிற்பவர் காதில் இரண்டு மாநிலங்களின் இரைச்சல் ஒன்றாக விழும். மார்த்தாண்டம், நாகர்கோவில் போகும் நம் பேருந்துகள் ஒரு பக்கம் உறுமும். திருவனந்தபுரத்திலிருந்து வந்து திரும்பும் கேரளப் பேருந்துகள் இன்னொரு பக்கம் ஹாரன் அடிக்கும். சந்தைப் பக்கமிருந்து விலை கூவும் குரல்கள் வரும். இஞ்சிவிளைப் பக்கம் போனால் லாட்டரிக் கடைகளின் மைக். இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் நம் பிள்ளைகள் பாட்டுக் கேட்கிறார்கள்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று கல்லூரிக்கும் வேலைக்கும் தினமும் போய்வருகிறவர்களில் காதில் எதையாவது மாட்டாதவர் அரிது. சிலர் மாட்டியிருப்பது சாலையோரம் வாங்கிய 200 ரூபாய் வயர். சிலருடையது துபாயிலிருந்தோ தம்மாமிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மாமன் கொண்டுவந்தது. வளைகுடாப் பெட்டியில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் வந்தது. இன்று அந்த இடத்தில் ஹெட்ஃபோன் வருகிறது. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 2020-இல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 59,900 ரூபாய். விளவங்கோடு வட்டத்தில் ஒரு வீட்டுப் பாட்டி அந்த விலையைக் கேட்டால் என்ன சொல்வாள் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்தவர் எல்லோருக்கும் தெரியும்: “இத்தற சக்கரம் குடுத்து வாங்கினியே மக்களே, கூடுதலா என்ன கேக்கும்?”

இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. ஒலிப்பொறியாளர்களும் செவியியல் அறிஞர்களும் பல பத்தாண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் கேட்டுக்கொண்டிருப்பதும் இதையேதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரளவு வரைக்கும் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. ஆனால் அந்த எல்லை பலர் நினைப்பதைவிட மிகக் கீழே இருக்கிறது. அதற்கு மேல் போகும் பணம் பொருளின் உழைப்புக்கும் வசதிக்கும் அழகுக்கும் ஆனது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். “எனக்குச் செவி மந்தம், எனக்கெதுக்கு நல்ல ஹெட்போன்” என்று ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்களே, நல்ல கருவி அவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

ஒரே பாட்டு, வெவ்வேறு செவி

காதுத் துளையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு முனை செவிப்பறையால் மூடிய குழாய் அது. குழாய் என்றால் அதற்கென்று ஒரு சுருதி உண்டு. 3000 ஹெர்ட்ஸ் அளவில் வரும் ஒலியை அது தானாகவே பெருக்கி உள்ளே அனுப்பும். நம் பேச்சின் தெளிவு பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சுற்றித்தான் இருக்கிறது. ஆனால் குழாயின் நீளமும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் இடது காதுக்கும் வலது காதுக்கும்கூட மாறும். வெளிக்காதின் மடிப்புகள் இன்னும் மோசம்; இரண்டு மனிதருக்கு ஒரே அமைப்பு இருப்பதில்லை. ஒலி முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா, மேலேயிருந்தா என்று மூளை கண்டுபிடிப்பதே அந்த மடிப்புகளில் மோதி வரும் வேறுபாட்டை வைத்துத்தான்.

இதனால் என்ன ஆகிறது? காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் அந்த மடிப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளும். துளைக்குள் செருகும் இயர்ஃபோன் மடிப்புகளை விட்டுவிட்டு நேராக உள்ளே போய்விடும். குழாயின் இயல்பான சுருதியையும் அடைத்துவிடும். ஒரே மாடலை இரண்டு பேர் மாட்டினால், கீழ்ச்சுருதியும் நடுச்சுருதியும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க, 6000, 8000 ஹெர்ட்ஸுக்கு மேலே பல டெசிபெல் வித்தியாசம் வரக்கூடும். ஒருவர் “ஜால்ரா சத்தம் குத்துது” என்று சொல்வதும், இன்னொருவர் “இல்லையே, நல்லாத்தானே இருக்கு” என்பதும் இரண்டுமே உண்மை. விலை உயர்ந்த ஹெட்ஃபோனைப் பற்றி எழுதப்படும் விமர்சனத்தைப் படிக்கும்போது, அது எழுதியவரின் காதையும் சேர்த்து எழுதிய விமர்சனம் என்பதை மறக்கக் கூடாது.

கீழ்ச்சுருதியிலும் ஒரு சிக்கல் உண்டு. மெத்தை காதோடு ஒட்டி உட்காரவில்லை என்றால் தாளத்தின் கனம் முழுக்கக் கசிந்துவிடும். கண்ணாடி போடுபவருக்கு அதன் கால் ஒரு இடைவெளி உண்டாக்கும். கம்மலும் ஜிமிக்கியும் போட்ட பெண்களுக்கு இன்னும் சிரமம். ஆனால் நம் பழைய பாட்டிமாரின் பாம்படம் தொங்கிய நீண்ட காதுமடல் அவர்களுடைய கேட்புத் திறனை எதுவும் செய்யவில்லை. கேட்பதில் தொங்கும் மடலுக்குப் பங்கு மிகக் குறைவு, உள்வளைவுக் குழிக்குத்தான் வேலை.

இவையெல்லாம் வெளிக்காதின் கதை. உள்ளே இருக்கும் வேறுபாடு இதைவிடப் பெரிது. நத்தைக்கூடு போலச் சுருண்ட உட்செவிக்குள், வாசலில் மேல்சுருதியும் உள் நுனியில் கீழ்ச்சுருதியும் பதிவாகின்றன. அங்கே ஒலி அலைபோல் ஓடுவதைக் கண்டுகாட்டியதற்காக ஹங்கேரியில் பிறந்த கேயார்க் பேக்கேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு காதிலும் உள்வரிசையில் சுமார் 3,500 மயிரணுக்கள், வெளிவரிசையில் சுமார் 12,000. வெளிவரிசை அணுக்கள்தான் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருபவை. இரைச்சலில் முதலில் சாகிறவையும் அவைதான். கோழிக்கு அவை மறுபடி முளைக்கும் என்பதை 1980-களில் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு முளைப்பதில்லை. போனால் போனதுதான்.

வாசலில் இருக்கும் மேல்சுருதி அணுக்கள் வயதோடு முதலில் தேயும். பிறக்கும்போது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் காது, இருபதுகளின் நடுவிலேயே உச்சியில் தேயத் தொடங்கிவிடும். 2005-இல் வேல்ஸ் நாட்டில் ஹவர்ட் ஸ்டேப்பிள்டன் என்பவர் இதையே ஒரு கருவியாக்கினார். கடை வாசலில் கூட்டம் போடும் பையன்களை விரட்ட 17,400 ஹெர்ட்ஸில் ஒரு கீச்சொலி. இளைஞருக்கு எரிச்சலூட்டும் அந்தச் சத்தம் நடுவயது கடைக்காரருக்குக் கேட்கவே கேட்காது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. லட்ச ரூபாய் ஹெட்ஃபோன் வாங்க வசதி வருவது பெரும்பாலும் நாற்பதுக்கு மேல். அந்த வயதில் 14,000, 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அநேகமாக மௌனம்தான். ஆகவே வயதானவர் நல்ல ஹெட்ஃபோன் வாங்குவது வீண் என்று சிலர் அவசர முடிவுக்கு வருகிறார்கள். அது தவறு. பியானோவின் கடைசிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸ். பாடகரின் குரல், நாதஸ்வரம், வயலின் இவற்றின் அடிப்படைச் சுரங்கள் அதற்கும் கீழே. 12,000-க்கு மேலே இருப்பது ஜால்ராவின் மினுக்கமும் மூச்சின் ஈரமும் மட்டும். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் அந்த பேஸ் கிட்டார், செல்போன் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடுகிறது. ஓரளவு நல்ல இயர்ஃபோனில் மீண்டு வருகிறது. அதைக் கேட்க 15,000 ஹெர்ட்ஸ் கேட்கும் காது தேவையில்லை. அறுபது வயதிலும் அது கேட்கும்.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. அதிக இரைச்சலில் பல ஆண்டுகள் இருந்தவரின் கேட்பு வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். ச, த, ட, ஸ போன்ற மெய்களின் தெளிவு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அவருக்கு உயிரொலி கேட்கும், மெய்யொலி நழுவும். “சத்தம் கேக்குது, என்ன சொல்லுதான்னு புரியல” என்பார். பாட்டில் ராகம் வரும், சொல் வராது.

விலைச்சீட்டுக்கும் ஒலிக்கும் உறவு என்ன?

2017-இல் யேருன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்தச் சுருதியை எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்ற அளவில், விலைக்கும் தரத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. மலிவானவற்றில் நல்லவையும் இருந்தன, விலை உயர்ந்தவற்றில் கோணலானவையும் இருந்தன. கட்டுமானம், பொருந்தும் வசதி, எல்லாம் வேறு கணக்கு. ஒலியின் அடிப்படை நிறத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

“நல்ல ஒலி என்பது ஆளுக்கு ஆள் மாறும் ரசனை, அதை அளக்க முடியாது” என்பது கடைக்காரர்களுக்கு வசதியான வாதம். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2012 முதல் பல ஆண்டுகள் செய்த சோதனைகள் அந்த வாதத்தை ஆட்டிவிட்டன. எது எந்த ஹெட்ஃபோன் என்று தெரியாமல் மக்களைக் கேட்க வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். காதைப் பழக்கியவரும் பழக்காதவரும் பெரும்பாலும் ஒரே ஒலிநிறத்தையே விரும்பினார்கள். பின்னால் செய்த வகைப்படுத்தலில் 64 சதவீதம் பேருக்கு அந்தப் பொது நிறமே போதும் என்றிருந்தது. 15 சதவீதம் பேர் தாளத்தில் இன்னும் கனம் கேட்டார்கள். 21 சதவீதம் பேர் கொஞ்சம் குறைவாக வேண்டும் என்றார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களும் பெண்களும் கூடுதல்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. காதுகள் வேறுபட்டாலும் மனிதர்கள் முழுக்கச் சிதறிப்போகவில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்களுக்கு ஒரு பொது வழி இருக்கிறது. அந்த வழி இன்று ரகசியமும் இல்லை. ஆய்வு முடிவுகள் வெளியான பிறகு சீனத்துச் சிறு நிறுவனங்கள் அதைப் படித்துவிட்டு மலிவு விலையில் செய்யத் தொடங்கின. செங்டூ நகரின் மூன்டிராப் 2022-இல் விட்ட ‘சூ’ என்ற இயர்ஃபோனின் விலை சுமார் 20 டாலர்தான். அதன் ஒலி பத்து மடங்கு விலையுள்ளவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று கேட்பவர்கள் வியந்தார்கள். சென்னையில் ராகவ் சோமானி 2011-இல் தொடங்கிய ஹெட்ஃபோன் ஸோன் போன்ற கடைகள் இன்று ஆயிரத்துச் சொச்சம் ரூபாயிலிருந்து லட்சங்கள் வரை எல்லாவற்றையும் விற்கின்றன. அந்தப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் பொருள்களை இருபது ஆண்டுகளுக்கு முன் இதே காசுக்கு நினைத்தே பார்த்திருக்க முடியாது.

மறுமுனையில் ஜெர்மனியின் சென்ஹைசர் செய்த எச்.இ. 1 இருக்கிறது. இத்தாலியின் கராரா சலவைக்கல்லில் உடம்பு, உள்ளிருந்து எழுந்து வரும் வெற்றிடக் குழல்கள், அறிமுகமானபோது 50,000 யூரோ அளவில் விலை. நம் பணத்தில் பல லட்சம். அதன் ஒலிவீச்சு 8 ஹெர்ட்ஸ் முதல் 1,00,000 ஹெர்ட்ஸுக்கு மேல் என்று நிறுவனம் சொல்கிறது. 20,000-க்கு மேலே வௌவால் கேட்கும், மனிதன் கேட்கமாட்டான். அந்தக் கருவி அருமையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் அருமை அந்த எண்ணில் இல்லை.

பதிவின் துல்லியம் பற்றியும் இதே நிலைதான். ‘ஹை-ரெஸ்’ என்று கூடுதல் காசு வாங்கும் பதிவுகளைச் சாதாரண சிடி தரத்துக்குக் குறைத்துக் கேட்க வைத்து, வித்தியாசம் தெரிகிறதா என்று பாஸ்டன் பகுதியில் ஒரு சோதனை நடந்தது. மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட முடிவு அது. 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது பாதி அளவே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

நம் கேட்புப் பட்டியலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1978-இல் வந்த ‘ப்ரியா’ பாடல்களை ஸ்டீரியோவில் வந்த முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று சொல்வார்கள். 1995-இல் வந்த ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் ஒலித்தது. அதற்கு முந்தைய பொக்கிஷம் பெரும்பாலும் திரையரங்கின் ஒற்றை ஸ்பீக்கருக்கும் வானொலிக்கும் என்று கலக்கப்பட்டது. அந்தப் பாடல்களே உங்கள் உலகம் என்றால், லட்ச ரூபாய்க் கருவி உங்களுக்குக் கூடுதலாகக் காட்டுவதில் ஒன்று நாடாவின் இரைச்சல்.

காசு எங்கே வேலை செய்கிறது

இவ்வளவு சொன்னதால் விலை உயர்ந்ததெல்லாம் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். நம் ஊருக்குத் தேவையான ஒரு திறமை அங்கே இருக்கிறது: வெளி இரைச்சலை அடக்குவது.

வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன விடுதலைப் போராளி ஒருவரின் மகன் அமர் போஸ். 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் திரும்பும்போது, எஞ்சின் இரைச்சலில் பாட்டே கேட்காமல் போனதைப் பார்த்து, வெளிச் சத்தத்துக்கு எதிர்ச் சத்தம் உண்டாக்கி இரண்டையும் கழிக்கும் கணக்கைப் பயணத்திலேயே போடத் தொடங்கினார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது 1989-இல் சந்தைக்கு வந்தது. இன்று 20,000 முதல் 35,000 ரூபாய் வரை விற்கும் இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன்களின் மூலம் அதுதான். பேருந்து எஞ்சினின் உறுமல் போன்ற தாழ்ந்த, தொடர்ந்த சத்தத்தை இவை நன்றாக விழுங்கும். ஹாரனையும் நடத்துனரின் குரலையும் அவ்வளவாக விழுங்காது.

இதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். காரணம் எளிது. பேருந்துக்குள் இரைச்சல் 80 டெசிபெலை எட்டினால், பாட்டு தெளிவாகக் கேட்க அதற்கும் மேலே ஏற்றியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட பாதுகாப்பு அளவுப்படி, பெரியவர்கள் 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் வாரம் முழுவதுக்கும் 20 நிமிடம்தான். டெசிபெல் கணக்கு நம் இயல்பான கணக்குப்படி ஏறாது. 3 ஏறினால் ஒலிச்சக்தி இரட்டிப்பு, கேட்கலாகும் நேரம் பாதி. தினமும் களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போய்வரும் ஒரு மாணவி, 300 ரூபாய் வயரை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டால், அந்த வாரத்துக்கான பாதுகாப்பு அளவைத் திங்கட்கிழமை மாலைக்குள் தீர்த்துவிடக்கூடும். வெளி இரைச்சலை அடக்கும் எதுவும் அந்தப் பெண்ணின் சத்தக் குமிழைக் கீழே இறக்க உதவும். அதற்கு 30,000 ரூபாய்தான் வேண்டும் என்பதும் இல்லை. காதுத் துளையை நன்றாக அடைக்கும் ரப்பர் நுனியுள்ள 1,500 ரூபாய் இயர்ஃபோனே பாதி வேலையைச் செய்துவிடும். நுனி அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே. பெட்டியோடு வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பார்ப்பவர் மிகக் குறைவு. (சாலையைக் கடக்கும்போதும் இருசக்கர வண்டியிலும் இரண்டு காதையும் அடைப்பது உயிருக்கு ஆபத்து. தேசிய நெடுஞ்சாலையை நடுவில் வைத்துக்கொண்டு வாழும் ஊருக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.)

சத்தத்தை ஏற்றத் தூண்டும் இன்னொரு காரணம் நம் செவியிலேயே இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டியது அது: சத்தம் குறைந்தால் நமக்குத் தாழ்ந்த சுருதிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்கும். அதனால்தான் மெல்லக் கேட்டால் பாட்டு சப்பென்று இருக்கிறது, கூட்டினால் நிறைகிறது. கடையில் இரண்டு ஹெட்ஃபோனை ஒப்பிடும்போதும் இதே மயக்கம்தான். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது ‘நல்லது’ என்று தோன்றும்.

இன்னொரு வகையில் காசு உழைக்கிறது: காலம். சென்ஹைசரின் எச்.டி. 600 என்ற வயர் ஹெட்ஃபோன் 1997-இல் வந்தது, இன்றும் விற்கிறது. வயர், மெத்தை, தலைப்பட்டை எதைக் கழற்றினாலும் புதிதாகப் போடலாம். மாறாக, பேட்டரியில் ஓடும் விலை உயர்ந்த கம்பியில்லா ஹெட்ஃபோனின் ஆயுள் அந்தப் பேட்டரியின் ஆயுள்தான், சில ஆண்டுகள். நம் கடலோரக் காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து போலித்தோல் மெத்தையைச் சீக்கிரமே செதில் செதிலாக உரித்துவிடும். வாங்கும்போதே துணி மெத்தை கிடைக்குமா, மாற்று மெத்தை கிடைக்குமா என்று கேட்க வேண்டும். விலையை ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால், வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு 25,000 ரூபாய் எச்.டி. 600, பேருந்தில் கேட்பவரின் அதே விலைக் கருவியைவிட மலிவாகப் போகும்.

மேளமும் எஞ்சினும் தேய்த்த செவிகள்

எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் முக்கியம் என்று படுவது இந்தப் பகுதி.

இந்தப் பக்கத்தில் கோயில் திருவிழா என்றாலும் பள்ளித் திருநாள் என்றாலும் சிங்காரி மேளமும் செண்டையும் இல்லாமல் நடக்காது. அடிக்கிற இடத்தில் நிற்பவர் காதில் அது 100 டெசிபெலை எளிதாகத் தாண்டும். மணிக்கணக்கில் அடிக்கும் கலைஞர்கள் காதில் பஞ்சுகூட வைப்பதில்லை. மேற்கே தூத்தூர், வள்ளவிளை, நீரோடி கடற்கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் நாள்கணக்கில் எஞ்சின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டு, தூங்கி, வேலை செய்கிறார்கள். பாறைக் குவாரி, மரமில், கனரக வண்டி ஓட்டுதல் என்று பட்டியல் இன்னும் நீளும். நாற்பத்தைந்து வயதில் “அவரு கொஞ்சம் மந்தம்” என்று வீட்டார் சிரிப்பது இவர்களைத்தான்.

இப்படிப்பட்ட செவியில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நடக்கும். மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் சத்தம் ஓரளவுக்கு மேலே ஏறியதும் திடீரென்று தாங்க முடியாமல் போகும். மெல்லப் பேசினால் “என்னது?” என்பார், கொஞ்சம் உரக்கப் பேசினால் “ஏன் கத்துதே?” என்பார். இது குணக்கோளாறு கிடையாது. வெளிவரிசை மயிரணுக்கள் செத்ததன் விளைவு. இவர் மலிவான, கோணல் ஒலியுள்ள இயர்ஃபோனை மாட்டினால், பேச்சும் சொல்லும் புரிய வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டுவார். ஏற்கெனவே கேட்கும் தாழ்ந்த சுருதிகள் இன்னும் ஓங்கி, கேட்க வேண்டிய மெய்யொலிகளை மூடிவிடும். மிச்சமிருக்கும் அணுக்களும் அடி வாங்கும். ஒலி சிதையாமல், சுருதி சமமாக வரும் கருவி இவருக்குக் கிடைத்தால் குறைந்த சத்தத்திலேயே சொல் பிடிபடும். கூர்மையான காதுள்ள இருபது வயதுக்காரன் மோசமான கருவியிலும் விடுபட்டதை மூளையால் நிரப்பிக்கொள்வான். தேய்ந்த செவிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவேதான் நல்ல கருவி அவருக்கு அதிகம் தேவை என்றேன்.

அதைவிட முக்கியமான வசதி செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆப்பிள் 2020-இல் ஐஓஎஸ் 14-ஓடு கொடுத்த ஹெட்ஃபோன் வசதியில் உங்கள் கேட்பு வரைபடத்தையே ஏற்றலாம். எந்தக் காதில் எந்தச் சுருதி குறைகிறதோ அதை மட்டும் தூக்கித் தரும். சாம்சங் போன்களில் ‘அடாப்ட் சவுண்ட்’ என்ற பெயரில் ஒரு சிறு சோதனை வைத்து இதைச் செய்யலாம். எதுவும் இல்லாத போனிலும் ஈக்வலைசர் இருக்கும். 2,000 ரூபாய் இயர்ஃபோனும் செவிக்கு ஏற்பச் சரிசெய்த ஈக்வலைசரும் சேர்ந்தால், சரிசெய்யாத 60,000 ரூபாய்க் கருவியைவிடத் தேய்ந்த செவிக்கு அதிகம் கேட்கும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ இயர்ஃபோனைச் செவித்துணைக் கருவியாகவே பயன்படுத்த அனுமதித்தது. அந்தச் செய்தியின் தொழில்நுட்பத்தைவிட அதன் சமூகப் பக்கம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மகன் கொண்டுவந்த வெள்ளை இயர்ஃபோனைப் பெருமையாக மாட்டிக்கொள்ளும் அப்பா, மருத்துவர் எழுதித் தந்த செவித்துணைக் கருவியை அலமாரியில் ஒளித்து வைக்கிறார். கண்ணாடி போட யாரும் கூசுவதில்லை; செவிக்குக் கருவி என்றால் மட்டும் கூச்சம். மத்திய அரசின் ‘அடிப்’ திட்டம் 1981 முதல் இருக்கிறது. தகுதியுள்ளவர்களுக்குச் செவித்துணைக் கருவி கிடைக்கிறது. கேட்பு வெகுவாகக் குறைந்தவருக்கு எந்த விலை ஹெட்ஃபோனும் அதற்கு மாற்று ஆகாது. அந்தப் பணத்தை அந்தக் கூச்சத்தைப் போக்கச் செலவழிக்க முடிந்தால் நன்றாயிருக்கும்.

கடைக்குப் போகும் முன்

முதலில் குறும்பி. காதுக்குள் அடைத்துக் கிடக்கும் அழுக்கு ஒன்றே மேல்சுருதிகளை மங்கச் செய்துவிடும். பட்ஸை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடும்; மருத்துவரிடம் எடுத்துக்கொள்வதே நல்லது. நம் ஈரக் காற்றிலும் குளத்து, ஆற்றுக் குளியலிலும் காதுத் துளையில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். துளையை இறுக அடைக்கும் இயர்ஃபோனை நாள் முழுக்க மாட்டினால் அது இன்னும் வளரும். சீழ் வடியும் காது, ஓட்டை விழுந்த செவிப்பறை உள்ளவர்கள் செருகும் வகையைத் தொடவே கூடாது. காதின் மேல் உட்காரும் வகையோ எலும்பின் வழியாகக் கேட்கச் செய்யும் வகையோ மருத்துவரிடம் கேட்டுத்தான்.

அடுத்தது கேட்புச் சோதனை. அறைக்குள் உட்கார வைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக மெல்ல ஒலித்து, எந்த அளவில் கேட்கத் தொடங்குகிறது என்று இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் குறிப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதற்கு வழி உண்டு. நம் மாவட்டத்துக்கு அது ஆசாரிப்பள்ளத்தில். எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் ஆக்குளத்தில், பேச்சுக்கும் செவிக்குமான தேசிய நிறுவனமான ‘நிஷ்’ 1997 முதல் இயங்குகிறது. ஹெட்ஃபோனுக்கு 10,000 ரூபாய் எடுத்து வைத்திருப்பவர் அதில் சிறு பங்கை முதலில் இதற்குச் செலவிட்டால், மீதிப் பணத்தை எங்கே போடலாம் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

கடையில் கேட்கும்போது புதிய, பிரம்மாண்டமான பாட்டைப் போடச் சொல்லாதீர்கள். வரிக்கு வரி உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடுங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துச் சொற்கள் எல்லாம் புரிகின்றனவா என்று பாருங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடும், கம்மல் போடுபவர் கம்மலோடும் மாட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்துக் காது சூடாகிறதா, தாடை வலிக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டை ஒப்பிட்டால் சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். பெட்டியில் எழுதிய ‘40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரிய பிராண்டின் பெயரோடு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ‘கல்ஃப் ஐட்டம்’ பற்றியும் ஒன்று: போலி மால் என்பது ஏறக்குறைய உறுதி. அதே ஆயிரத்துக்குப் பெயர் தெரியாத சீன இயர்ஃபோன் நேர்மையான பொருளாக இருக்கும்.

விலை பற்றிக் கேட்டால் என் கணக்கு இது. செருகும் வயர் இயர்ஃபோனுக்கு 1,500 முதல் 3,000 ரூபாய். அங்கேயே பெரும்பாலானவர்களின் தேவை முடிந்துவிடுகிறது. தினமும் பேருந்தில் மணிக்கணக்கில் போகிறவர் இரைச்சல் நீக்கும் வகைக்கு 8,000-லிருந்து 20,000 வரை கொடுத்தால் அது செவிக்குப் போடும் முதலீடு. வீட்டில் உட்கார்ந்து இசையை மட்டுமே கேட்கும் பழக்கம் உள்ளவர் 25,000 வரை போய், இருபது ஆண்டு வைத்திருக்கலாம். அதற்கு மேலே போகிறவர் ஆசைக்குப் போகிறார். அது அவர் சம்பாதித்த சக்கரம், அவர் மகிழ்ச்சி. கூடுதலாகக் கேட்கும் என்று மட்டும் வீட்டில் சொல்ல வேண்டாம்.

சோதனைக்குப் போகும்போது வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில இடங்களில் மருத்துவர் பார்த்துவிட்டு ‘சாதாரணம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு சொல் போதாது. இரண்டு காதுக்கும் ஒவ்வொரு சுருதியிலும் எத்தனை டெசிபெல் என்ற எண்கள் வேண்டும். ஈக்வலைசரில் ஏற்றுவதற்கும் அதுதான், சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுக்கும்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அதுதான்.